தை பிறந்தால் கூட்டம் கலையும்!

கன்னியாகுமரியில் சீசன் முடிந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள காலண்டரைப் பார்க்க வேண்டியதில்லை. டீக்கடைப் பால் சட்டியைப் பார்த்தால் போதும்.

கார்த்திகையில் விடிகாலை மூன்று மணிக்கே கொதிக்கத் தொடங்கிய சட்டி, தை பிறந்து ஒரு வாரம் ஆனதும் ஐந்தரை மணிக்குத்தான் அடுப்பில் ஏறும். பெரிய சட்டி பரண்மேல் போய், சின்னச் சட்டி கீழே இறங்கும். சட்டி கழுவ வந்த பையன் சம்பளத்தை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவான். ‘ஆந்திரா மீல்ஸ்’ என்று தெலுங்கில் எழுதிய பேனரை ஓட்டல்காரர் அவிழ்த்து, நான்காக மடித்து, கல்லாவுக்குக் கீழே செருகுவார். அடுத்த கார்த்திகை ஒன்றாம் தேதி அது மறுபடி வெளியே வரும்.

லாட்ஜ் வாசலில் “சார், ரூம் வேணுமா?” என்று பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓடியவர்கள், இப்போது அதே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்தித்தாளைக் கடைசி வரி வரை படிக்கிறார்கள். ஆட்டோக்காரர்கள் சீட்டில் சாய்ந்து தூங்குகிறார்கள். இரண்டு மாதமாக ஹாரன் சத்தத்தில் அமுங்கிப்போயிருந்த அலைச்சத்தம் மெயின் ரோடு வரைக்கும் கேட்கிறது.

இந்த ஊருக்கு சீசன் என்பது இரண்டு. ஒன்று ஐயப்ப சீசன். கார்த்திகை முதல் தேதி சபரிமலையில் மண்டல பூஜை தொடங்கினால், இங்கே கருப்பும் காவியும் கட்டிய கூட்டம் வரத் தொடங்கும். ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகா என்று பல மாநில நம்பர் பிளேட் வண்டிகள். மலையில் ஐயப்பனைப் பார்த்துவிட்டு இறங்கும் சாமிகள் நேராக இங்கே வந்து முக்கடல் சங்கமத்தில் நீராடி, பகவதி அம்மனைக் கும்பிட்டு, படகேறி விவேகானந்தர் பாறைக்குப் போய்வந்து, பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு சுசீந்திரம், திருச்செந்தூர், ராமேஸ்வரம் என்று கிளம்பிவிடுவார்கள். நடுவில் அரையாண்டு விடுமுறை, புத்தாண்டு, பள்ளிக்கூட டூர் பஸ்கள், கடைசியாகக் காணும் பொங்கல். மகரஜோதி முடிந்து ஒரு வாரத்தில் எல்லாம் அடங்கிவிடும்.

இன்னொன்று ஏப்ரல், மே கோடை விடுமுறை சீசன். அது உள்நாட்டுக் குடும்பங்கள் வரும் காலம். பள்ளிக்கூடம் திறந்தால் அதுவும் தீர்ந்தது. அப்புறம் ஆனி, ஆடிக் காற்று. மண்ணை வாரி முகத்தில் அடிக்கிற அந்தக் காற்றில் கடை விரிக்கவே முடியாது.

ஆக, சம்பாதிக்க நான்கு மாதம். சாப்பிடப் பன்னிரண்டு மாதம். இதுதான் குமரிமுனையின் கணக்கு.

காந்தி மண்டபத்திலிருந்து கடற்கரைக்குப் போகிற வழியில் கடை விரித்திருக்கும் அந்தப் பெண்மணிக்கு, ஊரில் பெயர் ‘சங்குக்கடை அக்கா’. வயது ஐம்பதை நெருங்குகிறது. வீட்டுக்காரர் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். மூத்தவன் சின்னமுட்டம் துறைமுகத்தில் விசைப்படகில் வேலை செய்கிறான். இளையவள் நாகர்கோவில் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் நர்ஸிங் கடைசி வருஷம்.

கடை என்றால் நான்கு கம்பு, ஒரு தார்ப்பாய், இரண்டு பலகை. பலகையில் சோழி, பாசி மாலை, சிப்பி ஒட்டிய கண்ணாடி, சங்கு, வாசலில் தொங்கவிடும் சிப்பித் தோரணம். ஓரத்தில் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளில் கறுப்பு மணல், சிவப்பு மணல், வெள்ளை மணல். பகவதி அம்மனுக்கும் சுசீந்திரத்துச் சிவனுக்கும் நடக்கவிருந்த கல்யாணம் நின்றுபோனதும், பந்திக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும்தான் இப்படி மணலாகிப் போனது என்பது இங்கே கதை. ‘இல்மனைட், கார்னெட் மாதிரி தாதுக்கள் கலந்த மணல்’ என்பது பள்ளிக்கூடப் பாடம். அக்கா மாதா கோயிலுக்குப் போகிறவர். ஆனால் வருகிற சாமிகளுக்கு அம்மன் கல்யாணக் கதையை அவரைப்போல உருக்கமாகச் சொல்ல ஆள் கிடையாது. கேட்டவர்கள் ஒரு பாக்கெட் மணலாவது வாங்காமல் நகர்வதில்லை.

கதை சொல்வது தமிழில் மட்டுமல்ல. தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி என்று எல்லாம் வரும். எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்ததில்லை. காதால் வாங்கியது, வியாபாரத்துக்கு ஆகும் அளவு. முதன்முதலாகக் கடை போட்ட வருஷம், பக்கத்துக் கடை அண்ணாச்சி ஒருவர், “கர்நாடக சாமி வந்தா ‘பன்னி, பன்னி’ன்னு கூப்பிடணும்” என்று சொல்லிக்கொடுத்தார். மாலை போட்ட சாமியைப் போய் அப்படிக் கூப்பிடுவதா என்று அக்கா பதறிப்போய்விட்டார். கன்னடத்தில் அதற்கு ‘வாருங்கள்’ என்று அர்த்தம் என்பதை நம்பவே இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் மெதுவாக ஒரு சாமியைக் கூப்பிட்டுப் பார்த்தார். அவர் சிரித்துக்கொண்டே வந்து இரண்டு சங்கு வாங்கினார். அதன் பிறகு தயக்கமே இல்லை.

ஐந்து பாஷையில் விலை சொல்லும் அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவார். மகளிர் குழுவில் சேர்ந்தபோது பழகியது அது.

சங்கில் பெயர் எழுதித் தருவதுதான் கடையில் நன்றாக ஓடுகிற சரக்கு. அந்த வேலை மகளுடையது. எட்டாம் வகுப்பிலிருந்து எழுதுகிறாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். தமிழும் ஆங்கிலமும் மட்டும் போதாது என்று, தெலுங்கு எழுத்துகளையும் டூர் பஸ் கண்ணாடிகளைப் பார்த்துப் பார்த்தே பழகிக்கொண்டாள். கல்லூரி விடுமுறை நாளில் அவள் கடையில் உட்கார்ந்தால் அன்று வியாபாரம் ஒரு மடங்கு கூடும். புதுசாகக் கல்யாணமானவர்கள் இரண்டு பெயரையும் ஒரே சங்கில் எழுதச் சொல்வார்கள். குழந்தை பிறக்கும் முன்பே பெயரை முடிவுசெய்து எழுதி வாங்கிப் போனவர்களும் உண்டு.

அக்காவின் கழுத்தில் மூன்று பவுனில் ஒரு சங்கிலி. கல்யாணத்துக்கு அவர் அப்பா போட்டது. அந்தச் சங்கிலிக்கும் ஒரு சீசன் இருக்கிறது. ஐப்பசிக் கடைசியில் வங்கிக்குப் போகும். அந்தப் பணத்தில்தான் கடை போடும் இடத்துக்குக் கொடுக்க வேண்டும், சரக்கு எடுக்க வேண்டும், புதுத் தார்ப்பாய் வாங்க வேண்டும். கார்த்திகை, மார்கழி முழுக்க அக்கா கழுத்தில் கறுப்புக் கயிறும் ஜெபமாலையும்தான். தை பிறந்து கூட்டம் கலைந்ததும் கணக்கு முடித்து, முதல் வேலையாகச் சங்கிலியை மீட்டுக் கழுத்தில் போட்டுக்கொள்வார். “சங்கிலி கழுத்துக்கு வந்தாத்தான் எனக்கு சீசன் முடிஞ்ச மாதிரி” என்பார். பல வருஷமாக இப்படித்தான் நடந்துவந்தது.

சுற்றுலா வருகிறவர்களுக்குக் கடல் ஒரு காட்சி. கடை போடுகிறவர்களுக்கு அது முதலாளி. முதலாளியின் முகத்தைப் பார்த்துத்தான் அன்றைய பிழைப்பு.

பாறைக்குப் படகு விடுவது அரசின் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம். கடல் சீறினால் படகு ஓடாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சில நாள்களில் நீர்மட்டம் தாழ்ந்துபோனாலும் ஓடாது. பாறை முட்டிவிடும். அன்றைக்குக் கரையில் ஒரு வேடிக்கை நடக்கும். படகு ஒரு மணி நேரம் தாமதமானால் கடைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். வரிசையில் நிற்கப் பிடிக்காத கூட்டம் கடை கடையாக ஏறி இறங்கும். ஆனால், ‘இன்று படகு இல்லை’ என்று சொல்லிவிட்டால் போச்சு. பஸ் டிரைவர் விசிலடிப்பார். சாமிகள் மொத்தமாக ஏறி அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். அதனால் இங்கே கடைக்காரர்களின் வேண்டுதலே தனி தினுசு. படகு உடனே போகவும் வேண்டாம், நின்றுபோகவும் வேண்டாம், கொஞ்சம் லேட்டானால் போதும்!

2024 டிசம்பர் 30-ல் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு இந்தக் கணக்கிலும் ஒரு மாற்றம். 133 அடி வள்ளுவர் நிற்கிற பாறைக்கு முன்பெல்லாம் தனியாகப் படகு போக வேண்டும். அந்தப் பக்கம் ஆழம் குறைவு, பாறை அதிகம். பாதி நாள் போகாது. இப்போது விவேகானந்தர் பாறையில் இறங்கினால் 77 மீட்டர் நீளப் பாலத்தில் நடந்தே வள்ளுவர் பாதத்துக்குப் போய்விடலாம். காலுக்குக் கீழே கண்ணாடி வழியாக அலை தெரியும். அதைப் பார்ப்பதற்கென்றே வருகிறது ஒரு கூட்டம். கூட்டம் கூடியது உண்மை. ஆனால், பாலத்தில் எடுத்த படத்தை அங்கேயே நின்று மொபைலில் அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் கரைக்குத் திரும்பும்போது பஸ் கிளம்பும் நேரமாகிவிடுகிறது. “பாலத்தைப் பாத்துட்டு வாறாங்க, பலகையைப் பாக்க நேரமில்ல” என்கிறார் அக்கா.

மொபைலால் அதிகம் அடிபட்டவர்கள் கடற்கரை போட்டோகிராபர்கள். சூரியனை இரண்டு விரலால் பிடிப்பதுபோல ஒரு படம், உள்ளங்கையில் தாங்குவதுபோல ஒரு படம். அதுதான் அவர்கள் பிழைப்பு. இப்போது அதை எல்லோரும் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள். இருந்தாலும் தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி என்று குடும்பமாக நிற்கும்போது, யாராவது ஒருவர் படத்துக்கு வெளியே நின்றாக வேண்டுமே! அந்த ஒருவரையும் உள்ளே சேர்க்கத்தான் இன்னமும் இவர்களுக்கு வேலை இருக்கிறது. உடனே பிரின்ட் எடுத்துக் கையில் கொடுக்கும் சின்ன மெஷின் வைத்திருக்கிறார்கள். சீசன் முடிந்ததும் கேமராவைத் துடைத்து உறையில் போட்டுவிட்டு, கல்யாண வீடுகளுக்கு ஆர்டர் தேடிப் போகிறார்கள். தையில் முகூர்த்தம் உண்டு என்பது ஒரு ஆறுதல்.

எல்லா சீசனும் இப்படிச் சட்டி, பேனர் கணக்கோடு முடிந்ததில்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. பௌர்ணமி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். சீசனின் உச்சம். காலையில் கடல் முதலில் உள்ளே போனது. என்னவென்று தெரியாமல் வேடிக்கை பார்க்க இறங்கினார்கள் ஜனங்கள். அதன் பிறகு வந்ததுதான் சுனாமி. கரையில் இருந்த கடைகள் மிச்சமில்லாமல் போயின. பாறையில் நூற்றுக்கணக்கானவர்கள் சிக்கிக்கொண்டார்கள். அவர்களைக் கரை சேர்த்ததில், தங்கள் வீடும் வலையும் என்ன ஆனதென்று தெரியாத நிலையிலும் வள்ளம் எடுத்துப் போன மீனவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

2017-ல் நவம்பர் 30 அன்று ஒக்கி புயல். அதுவும் சீசன் தொடங்கிய முதல் மாதம். கடலுக்குப் போன ஆண்கள் வருவார்களா என்று மாவட்டத்தின் மீனவக் கிராமங்கள் கரையில் காத்துக் கிடந்தன. பலர் வரவே இல்லை. 2020 மார்ச்சில் கொரோனா. கோடை சீசனுக்கு எடுத்து வைத்த சரக்கு மூட்டைக்குள்ளேயே கிடந்தது. படகும் ஓடவில்லை, பஸ்ஸும் ஓடவில்லை. பாறையில் ஆளில்லாமல் விவேகானந்தர் தனியாக இருந்தார்.

இன்றைக்கும் டிசம்பர் 26 விடிந்தால் கரையில் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். ஏற்றிவிட்டு வந்து கடையைத் திறக்கிறார்கள். அன்றைக்குத்தான் கூட்டமும் அதிகம். ஒரே பலகையில் துக்கமும் வியாபாரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். “அழுதுட்டே இருந்தா அடுப்பு எரியுமா?” என்று அக்கா கேட்பதில் கல்மனசு இல்லை. அந்தக் கடலில்தான் வீட்டுக்காரர் நாளைக்கும் போக வேண்டும்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு சீசன் வேறு என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத விஷயம். கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் சாளையும் அயிலையும் நெத்தோலியும் தங்கள் நேரத்துக்குத்தான் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று இந்தப் பக்கம் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த இரண்டு மாதம் சின்னமுட்டத்துப் படகுகள் கரையில் வரிசையாக நிற்கும். மகன் வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் அந்த நாள்களில்தான் அம்மாவின் கோடை சீசன் வரும். ஒருவர் கை ஓயும்போது இன்னொருவர் கை ஓடினால்தான் வீடு நகரும். இரண்டும் சேர்ந்து ஓய்ந்த வருஷங்களும் உண்டு. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

இந்த வருஷ சீசன் மோசமில்லை. ஆனால் நிறைவாகவும் இல்லை. கார்த்திகையில் நல்ல ஓட்டம். மார்கழியில் மழை வந்து சில நாள் தார்ப்பாயை விரிக்கவே விடவில்லை. மாதா கோயில் பத்து நாள் திருவிழாவின் கடைசி நாளில், எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அக்கா கடை திறப்பதில்லை. தேர்ப் பவனிக்குப் போய்விடுவார். அது மாதாவுக்கு உள்ள நாள். புத்தாண்டு சமயத்தில் கூட்டம் அலைமோதியது. நடக்க வழியில்லாத அளவுக்கு அலைமோதினால் நின்று வாங்க ஆளிருக்காது என்பது வேறு விஷயம். காணும் பொங்கலோடு சரி. மறுநாளிலிருந்து பலகைக்கு முன்னால் நின்றது இரண்டு நாய்கள்தான்.

தை இரண்டாவது வாரம் ஒரு ராத்திரி அக்காவும் வீட்டுக்காரரும் தரையில் பாய் விரித்து, பாயில் பணத்தை விரித்து உட்கார்ந்தார்கள். சரக்குக் கொடுத்தவருக்கு ஒரு கட்டு. மகளிர் குழுத் தவணைக்கு ஒரு கட்டு. மழையில் நனைந்து பாழான சரக்குக்கு நஷ்டம். எல்லாம் போக மிச்சம் இருந்ததை அக்கா இரண்டு தடவை எண்ணினார். சங்கிலியை மீட்கலாம். அல்லது, மாதக் கடைசிக்குள் கட்டச் சொன்ன மகளின் கல்லூரிக் கட்டணத்தின் கடைசித் தவணையைக் கட்டலாம். இரண்டில் ஒன்றுதான் ஆகும்.

வீட்டுக்காரர் எதுவும் சொல்லவில்லை. கடலில் அந்த மாதம் பெரிதாக ஒன்றும் கிடைத்திருக்கவில்லை. பணத்தை எடுத்து மஞ்சள் பைக்குள் வைத்துக் கட்டிவிட்டு, “மே மாசம் வரை அது அங்கயே கெடக்கட்டும். பேங்குல கள்ளன் வரமாட்டான்” என்றார் அக்கா.

சனிக்கிழமை ஹாஸ்டலிலிருந்து வந்த மகள், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டாள்.

“அம்மா, சங்கிலி எங்க?”

“பேங்குல ஒரே கூட்டம் மக்களே. அடுத்த வாரம் போய் எடுக்கணும்.”

“தை மாசத்துல பேங்குல என்னம்மா கூட்டம்?”

“எல்லாரும் எடுக்க வருவாங்கல்லா?”

மகள் மேலே கேட்கவில்லை. ஆனால், கல்லூரியிலிருந்து ‘கட்டணம் செலுத்தப்பட்டது’ என்று முந்தின நாளே அவள் போனுக்குத் தகவல் வந்திருந்தது. போனையும் அம்மா கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ராத்திரி சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்துதான் சொன்னாள்.

“நான் வேலைக்குப் போனதும் மொதல் சம்பளத்துல மீட்டுத் தந்திருதேன்ம்மா.”

“நீ மீட்டா அது உன் சங்கிலி ஆயிரும். என் சீசன்ல மீட்டாத்தான் அது என் சங்கிலி. நீ படிச்சு முடிக்க வழியைப் பாரு.”

குரலில் கோபம் இல்லை. விலை பேசி முடித்துவிட்ட குரல். அதற்கு மேல் குறைக்க முடியாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து, இருவருமாகக் கடையைப் பிரித்தார்கள். கம்புகளை உருவி, தார்ப்பாயைக் கடல்தண்ணீர் போக நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்தார்கள். சிப்பித் தோரணங்களைச் செய்தித்தாளில் சுற்றினார்கள். பலகைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. பெயர் எழுதச் சொல்லிவிட்டு, பஸ் கிளம்பிவிட்டதால் வாங்காமல் ஓடியவர்களின் சங்குகள். ஒவ்வொரு சீசனிலும் இப்படிச் சில மிஞ்சும். தின்னர் தொட்ட துணியால் துடைத்தால் பெயர் போய்விடும், சங்கு மறுபடி விற்பனைக்கு ஆகும். மகள் ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரைப் படித்துச் சொன்னாள். சீனிவாஸ், லட்சுமி, மஞ்சுநாத், அனில்... அக்கா துடைத்தார். சில பெயர்களுக்கு முகம் ஞாபகம் இருந்தது. “இவன் ஒரு சுட்டிப் பய, ரெண்டு சங்கைக் கீழ போட்டு உடைச்சான்” என்று சிரித்தார்.

சீசன் முடிந்த பிறகுதான் கன்னியாகுமரிக்காரர்கள் கன்னியாகுமரியைப் பார்க்க வெளியே வருகிறார்கள். இரண்டு மாதமாக ‘கூட்டம்’ என்று கடற்கரைப் பக்கமே வராத பாட்டிமார்கள், சாயங்காலம் கடலுக்கு எதிரே உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள். பையன்கள் வண்டிகள் நின்ற இடத்தில் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுகிறார்கள். வலைகளைப் பரப்பி உட்கார்ந்து கிழிசல் தைக்கிறார்கள். தள்ளுவண்டியில் அவித்த பனங்கிழங்கு வருகிறது. சீசன் விலையில் அல்ல, ஊர் விலையில். திப்ருகரிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவருகிற விவேக் எக்ஸ்பிரஸ் வழக்கம்போல வந்து நிற்கிறது. இறங்குகிறவர்கள் அவசரமில்லாமல் நடந்து போகிறார்கள். இந்த மாதங்களில் சூரியன் எழுவதும் விழுவதும் இரண்டுமே கடலில்தான். டிக்கெட் இல்லை, நெரிசல் இல்லை, தலைக்கு மேல் யாருடைய செல்ஃபி ஸ்டிக்கும் இல்லை. உண்மையில் ஊர் பார்க்க நன்றாக இருப்பது இப்போதுதான். பார்க்க நன்றாக இருக்கும்போது கல்லாவில் காசு விழுவதில்லை, அவ்வளவுதான்.

கோடை சீசன் வரும்போது மகளுக்குப் பரீட்சை இருக்கும், ஆஸ்பத்திரி டூட்டி இருக்கும். சங்கில் பெயர் எழுத ஆள் இல்லை. சங்கிலி திரும்பி வர வேண்டுமானால் அந்த வியாபாரம் விட்டுப்போகக் கூடாது. ஆள் வைத்தால் லாபம் ஆளுக்கே போய்விடும். ஹாஸ்டலுக்குக் கிளம்புவதற்கு முன் மகள் ஒரு நோட்டை எடுத்து, பக்கத்துக்கு ஒன்றாகப் பெரிது பெரிதாக எழுத்துகளை எழுதினாள். மே மாதம் வருவது பெரும்பாலும் நம் தமிழ்நாட்டுக் குடும்பங்கள். தமிழ் எழுத்துகள் தெரிந்தால் பாதி ஜெயித்த மாதிரி.

“கையெழுத்துப் போடத் தெரியும்லா? உன் பேர்ல இருக்கிற எழுத்து ஏற்கெனவே உனக்கு வரும். மிச்சத்தை மட்டும் படிச்சா போதும்மா.”

“இந்த வயசுலயா மக்களே?”

“‘பன்னி’ன்னு கூப்பிடப் பழகினேல்லா? இதுவும் பழகிரும்.”

இப்போது மத்தியானத்தில் மெயின் ரோட்டுப் பக்கம் போனால், அடைத்த கடைகளின் நிழலில் சங்குக்கடை அக்கா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். மடியில் அந்த நோட்டு. கையில் பிரஷ். முன்னால் உடைந்து விற்பனைக்கு ஆகாத சங்குகள் ஒரு கூடை. ‘ம’ எழுதுகிறார், துடைக்கிறார். ‘ழ’ மட்டும் வளைய மாட்டேன் என்கிறது. மீன் கூடையோடு போகிற பெண்கள் நின்று பார்த்துவிட்டு, “என்னக்கா, பள்ளிக்கூடம் தொறந்தாச்சா?” என்று கேலி செய்கிறார்கள். “சீசன் இல்லாத நேரத்துல வேற என்ன பண்ண? மேல வா, உன் பேரை எழுதிக் காட்டுதேன்” என்கிறார் அவர்.

மே மாதத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. எழுத்து அதற்குள் கைக்கு வந்துவிடும்.